காலை இழந்த பூனைக்குக் கை கொடுத்தல்

தாராவியில் இட்லி அவித்து விற்பனைக்குக் கொடுக்கும் அம்மையார் ஒருவர் எங்கள் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர். விடியுமுன் அவர் வீட்டில் அவியும் இட்லிகள், மிதிவண்டியில் ஏறிச் செம்பூர், மாட்டுங்கா வரை செல்லும். மாதந்தோறும் தவறாமல் தொடர் வைப்புக்குப் பணம் கட்டுபவர். கடந்த ஆண்டு ஜூலையில், பெருமழை பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் வந்து, முதிர்வுக்கு ஏழு மாதங்களே இருந்த அந்த வைப்பை முடித்துப் பணம் தரும்படி கேட்டார். முன்கூட்டியே கணக்கை முடிப்பவரிடம் காரணம் விசாரிப்பது எங்கள் வழக்கம். "பூனைக்குக் கால எடுக்கணும் சார்" என்றார்.

உண்மையைச் சொல்வதானால், எங்களுள் இருவர் முகம் திருப்பிச் சிரித்தோம். தெருவில் எத்தனையோ பூனைகள் திரிய, ஒன்றின் காலுக்காகச் சேமிப்பைக் கலைப்பதா என்றே எங்கள் கணக்கறிவு கேட்டது. அம்மையார் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னார்.

மாவு மூட்டைகளை எலியிடமிருந்து காக்கும் பூனை அது. சந்து முனையில் பின்வாங்கிய டெம்போ ஒன்றின் சக்கரம் அதன் இடது பின்னங்காலில் ஏறிவிட்டது. அடிபட்ட பூனை வீட்டுக்கு வராது; இருட்டான இடம் தேடி ஒளிந்துகொள்ளும். மூன்றாம் நாள் பழைய தகரங்களுக்கு அடியில் கண்டெடுத்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிச் சதை கறுத்துப் புழு வைத்திருந்தது. அக்கம்பக்கத்தார், ஊசி போட்டு அனுப்பிவிடுவதே புண்ணியம் என்றனராம். மருத்துவரோ, காலை எடுத்துவிட்டால் பிழைக்கும் என்றார்.

வைப்பை நாங்கள் கலைக்கவிடவில்லை. அதன் மீதே கடன் வாங்கலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை. வைப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிடச் சற்றே கூடுதலான வட்டி. முதிர்வுப் பயன் கெடாது. அரை மணி நேரத்தில் தொகை அவர் சேமிப்புக் கணக்கில் ஏறிற்று. அலுவல் முடிந்தது என்றே எண்ணினோம். ஆனால் சிரித்தவர்களுள் ஒருவருக்கு மனம் உறுத்தியதால், மாலையில் இரண்டு பேராகப் பரேலுக்குச் சென்றோம்.

பரேலில் உள்ள பாய் சாக்கர்பாய் தின்ஷா பெட்டிட் கால்நடை மருத்துவமனை 1880களில் பார்சிச் செல்வரின் கொடையால் எழுந்தது. 1886-இல் பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அப்பகுதியிலேயே தொடங்கப்பட்டது. இந்த மாநகரம் டிராம் வண்டியையும் கட்டை வண்டியையும் இழுத்த குதிரைகளாலும் மாடுகளாலும் ஓடிய காலம் அது. ஆகவேதான் மும்பைவாசிகள் இன்றும் அதனை 'பைல் கோடா' மருத்துவமனை, அதாவது மாடு, குதிரை மருத்துவமனை என்கின்றனர். இப்போது அங்கே வரிசையில் நிற்பவை பெரும்பாலும் நாயும் பூனையுமே. 2024-இல் மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளையின் சிறுவிலங்கு மருத்துவமனையும் திறக்கப்பட்டது. அதன் பின்னணியிலும் ஒரு கால் உண்டு. ரத்தன் டாடா தம் நாயின் மூட்டுச் சிகிச்சைக்காக அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் வரை சென்றதையும், காலம் கடந்துவிட்டதால் மூட்டை மாற்ற இயலாமல் ஒரே நிலையில் இறுக்கிவைக்க நேர்ந்ததையும் பின்னாளில் கூறியிருக்கிறார்.

பூனைக்கு முழங்காலுக்குக் கீழேதான் காயம். ஆனால் மருத்துவர் தொடையின் மேற்பகுதியிலேயே காலை எடுக்க வேண்டும் என்றார். பாதிக் காலையாவது மிச்சம் வைக்கக் கூடாதா என்று அம்மையார் மன்றாடினார். கேட்க நியாயமான கேள்விதான். பாதிக் கால் இருந்தால் பூனை அதனை ஊன்றப் பார்க்கும்; எலும்பு முனை தரையில் உரசி ஆறாத புண்ணாகும். மேலே எடுத்துத் தசையை மடித்து எலும்பை மூடித் தைத்துவிட்டால், அவ்விடத்தில் உரோமம் வளர்ந்து, பார்ப்பவர்க்கு வடுவே தெரியாமல் போகலாம். இங்கிலாந்தில் ஆஸ்கர் என்ற பூனைக்கு 2009-இல் நோயல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்னும் மருத்துவர் எலும்போடு பொருந்தும் செயற்கைப் பாதங்களை வைத்தது உலகச் செய்தியாயிற்று. அந்தப் பூனை அறுவடை இயந்திரத்தில் சிக்கிப் பின்னிரு பாதங்களையும் இழந்திருந்தது. ஒரு காலை மட்டும் இழந்த பூனைக்குப் பொதுவாக அத்தகைய ஏற்பாடு தேவைப்படுவதில்லை. மற்ற மூன்று கால்களும், இடுப்பும், முதுகெலும்பும் நலமாக உள்ளனவா என்பதையே மருத்துவர் முதலில் பார்ப்பார்; அவையும் கெட்டிருந்தால் கணக்கு வேறு.

மறுநாளே பூனை எழுந்து நின்றது. மனிதர் மாதக்கணக்கில் பழகுவதை அது ஓரிரு நாளில் பழகியது கண்டு வியந்தோம். பூனையின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. ஆதலால் பின்னங்கால் போனால் நடையில் தடுமாற்றம் குறைவு, தாவி ஏறுவதில்தான் சிரமம். முன்னங்காலை இழந்தால் குதித்து இறங்குவது கடினமாகும்.

உண்மையான சோதனை வீட்டுக்கு வந்த பின்னரே நேர்ந்தது. இரண்டாம் இரவு பூனை முனகவே, பக்கத்து வீட்டுக்காரர் பரிவோடு காய்ச்சல் மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கொண்டுவந்தார். பேத்தி தடுத்திராவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும். எல்லார் வீட்டிலும் கிடக்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதனைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறு பழுப்பேறும், முகம் வீங்கும். ஒரே மாத்திரை கொல்லப் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் ஆகியவற்றையும் நாமாகக் கொடுத்தல் ஆகாது. மருத்துவர் எழுதித் தந்த வலிமருந்தை, பூனை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும்.

ஏனெனில் பூனை வலியை மறைக்கும். மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று, பூனையின் முகத்தைக் கொண்டே வலியை மதிப்பிடுகிறது. காதுகள் வெளிப்புறம் சாய்தல், கண் இடுங்குதல், மூக்கும் வாயும் இறுகுதல், மீசை விறைத்து நேராதல், தலை தோளுக்குக் கீழே தாழ்தல் ஆகிய ஐந்தும் குறிகள். அம்மையாரின் பேத்தி இவற்றைப் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக் காலையும் மாலையும் பார்த்துக் குறித்தாள். எங்கள் கிளைப் பேரேடுகூட அத்தனை ஒழுங்காக இருந்ததில்லை. தையல் ஆறிய பிறகும் பூனை திடீரென்று திரும்பி, இல்லாத காலின் இடத்தைக் கடிக்கலாம், அலறலாம். வெட்டுண்ட நரம்பின் வலியாக இருக்கக்கூடும். அதற்கும் மருந்து உண்டு.

உணவைப் பற்றி ஒரு சொல். ஒரு முழு நாள் பூனை எதுவும் தின்னாவிட்டால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டினி நீடித்தால் கொழுப்பு சேர்ந்து கல்லீரல் கெடும். உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்து, முள் நீக்கிய மீனை இளஞ்சூட்டில் வைத்தால் மணமே பூனையை இழுக்கும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிப்பவை என்பதால், சாம்பார் ஊற்றிய சோறு கூடவே கூடாது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், நீராவியும் கிரைண்டர் சத்தமும் நிறைந்த இடத்தில் இந்தப் பூனை எப்படித் தேறும் என்று நாங்கள் ஐயுற்றோம். அந்தச் சிறிய இடமே நன்மையாயிற்று. முதல் சில வாரங்கள் பூனை ஓடக் கூடாது, தாவக் கூடாது. பெரிய வீட்டில் தனி அறையில் அடைக்க வேண்டிவரும். இங்கே இரும்புக் கட்டிலின் கீழ் அட்டைப் பெட்டியும் பழைய புடவையும் போதுமானதாக இருந்தன. வழவழப்பான டைல்ஸ் தரையில் மூன்று கால்கள் வழுக்கும் என்பதால் சணல் சாக்குகளைப் பிரித்து விரித்தார்கள். விளிம்பு தாழ்ந்த பிளாஸ்டிக் தட்டில் மணலுக்குப் பதிலாகக் கிழித்த செய்தித்தாள். மணல் காயத்தில் ஒட்டும். தையலை நக்காதிருக்கக் கழுத்தில் புனல் வடிவப் பட்டை. மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் பூசவில்லை. அதற்காகப் பாட்டியும் பேத்தியும் சிறு சண்டையே போட்டார்களாம். மேல்தளத்துக்குச் செல்லும் செங்குத்தான ஏணிதான் கவலை தந்தது. மூன்றாம் நாளே பூனை அதில் ஏற முயன்றதால், பதின்மூன்றாம் நாள் தையல் பிரிக்கும் வரை ஏணியைக் கழற்றிச் சந்தில் சாய்த்து வைத்தனர். அதுவரை மேல்தளத்தில் உறங்கும் மகன், வீட்டு வாசலில் உறங்கினார்.

எங்களை மிகவும் பாதித்தது வேறொன்று. ஒருநாள் பூனை தலையை இடப்புறம் சாய்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. எஞ்சிய தொடைத் தசை மட்டும் விட்டுவிட்டுத் துடித்தது. காதைச் சொறிகிறது, சொறியக் கால் இல்லை. பின்னங்காலை இழந்த பூனை அந்தப் பக்கத்துக் காதையும் கழுத்தையும் எட்டமுடியாது. அழுக்கும் பூச்சியும் அங்கே சேரும். நாள்தோறும் அவ்விடத்தை நாம் சொறிந்து, சீவி, துடைத்துவிட வேண்டும். பேத்தி இடது காதின் பின்னே விரல் வைத்ததும் அந்தத் தொடையும் விரலின் தாளத்துக்கு ஆடியது. எங்களுடன் வந்தவர், பரேலுக்கும் வந்தவர், வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பரிதாபத்தால் அளவின்றித் தீனி போடுவதும் தீங்கே. எடை கூடினால் மீதி மூன்று மூட்டுகளும் விரைவில் தேயும். ஒவ்வோர் அடிக்கும் தூக்கிச் செல்வதும் வேண்டாம். தானாக நடந்தால்தான் தசை வலுக்கும். இத்தகைய பூனையை இனித் தெருவில் விட முடியாது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் மாடிக் குடியிருப்புகளில் வாழும் வாசகர்கள் சன்னலுக்குப் புறா வலை கட்டியிருப்பார்கள். அதன் முடிச்சுகளை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்றவற்றுள் பத்தில் ஒன்பது பிழைத்தன என்று காண்கிறது. அவை நான்கு கால் பூனைகள் என்பதை மறக்க வேண்டாம்.

வளர்ப்பு விலங்குக்கென மாதம் சில நூறு ரூபாயைத் தனித் தொடர் வைப்பாகப் போடுவது நன்று. சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பூனைக்கும் காப்பீடு தருகின்றன. வயது வரம்பையும், காத்திருப்புக் காலத்தையும், விபத்து அறுவைச் சிகிச்சை அடங்குமா என்பதையும் படித்துப் பார்த்தே கையொப்பமிட வேண்டும்.

நவம்பரில் அம்மையார் வந்து கடனின் கடைசித் தவணையைக் கட்டினார். தூக்குப் பாத்திரத்தில் இட்லியும் இருந்தது. ஏணி திரும்பவும் தன் இடத்துக்கு வந்துவிட்டதாகவும், பூனையால் நேராக அதில் ஏற முடியாததால் உளுந்து மூட்டையை ஏணியடியில் நகர்த்திப் போட்டதாகவும் சொன்னார். மூட்டைக்குத் தாவி, மூட்டையிலிருந்து நடுப்படிக்குத் தாவி, மேலே போய்விடுகிறதாம். உளுந்து தீர்ந்து மூட்டை தாழும் நாட்களில், அடியில் நின்று கத்துகிறதாம்.