அழிக்க இயலாத கோடு

பாகாலாவிற்கு அருகிலுள்ள மலைகளில் தோன்றும் பொன்முகலி ஆறு, கிழக்கே ஓடித் திருக்காளத்தியை அடைகிறது. அவ்வூரின் பெருமைக்குரிய கலை கலம்காரி. எழுதுகோலால் துணியில் தீட்டும் ஓவியம் இது. இக்கலையில் சிறந்த ஜொன்னலகட்ட குரப்ப செட்டி 2008ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஓவியர் முதலில் பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார். பாலின் கொழுப்பு, மை பரவாமல் தடுக்கும். பின்னர்ப் புளியங்குச்சிக் கரியால் உருவங்களை வரைவார். இக்கோட்டில் பிழை நேர்ந்தால் தட்டி அழித்துவிடலாம்.

அடுத்தது மை. பிறர் பயனற்றதென எறிந்த துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் பல நாள் ஊறவைத்து அதனை உண்டாக்குவர். மூங்கில் கோலில் கம்பளி நூலைச் சுற்றி, மையில் தோய்த்து, விரலால் அழுத்தி எழுதுவர். இரும்பு, கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கருமையாகிறது. இக்கோட்டை அழிக்க இயலாது. அதன்பின் மஞ்சிட்டி சிவப்பையும் அவுரி நீலத்தையும் தரும். இடையிடையே துணி ஓடும் நீரில் அலசப்படும்.

இன்று கணினித் திரையில் வடிவங்களை வரைந்து, வேண்டியவாறு திருத்தலாம். எந்திரத்தால் பல துணிகளில் அச்சிடலாம். விலை குறைந்த அவ்வச்சுத் துணிகள் கலம்காரி என்னும் பெயரிலேயே விற்கப்படுவதும் உண்டு. அதனால் கையால் எழுதுவோரின் வாழ்வு நலிகிறது.

மாணவர்களே, துணி வாங்கும்போது கோடுகளை உற்று நோக்குங்கள். அச்சில் ஒரே பூ மாறாமல் திரும்பத் திரும்ப வரும். கையால் எழுதியதில் ஒரு பூ மற்றொன்றைப் போல் இராது.