தானா ராத்தாவுக்கு எந்தக் கடல் பக்கம்?

பகாங் மாநிலத்துக்கு நீண்ட கடற்கரை உண்டு. தெலுக் செம்பெடாக், செராத்திங் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆனால் அதே பகாங்கைச் சேர்ந்த கேமரன் மலையின் தானா ராத்தாவிலிருந்து ஒரு தோட்டக் குடும்பம் கடல் பார்க்கக் கிளம்பினால், வண்டி மேற்கே, பேராக்குக்குத்தான் இறங்குகிறது. தாப்பா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. பிறகு தெலுக் இந்தான், சித்தியவான், லுமுட் படகுத்துறை.

மலைத் தண்ணீரும் அந்தப் பக்கமே போகிறது. பெர்தாம் ஆறு இயல்பாகத் தென்சீனக் கடலைச் சேரவேண்டியது. 1963இல் முடிந்த ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணை அதை மறித்து, சுரங்கம் வழியே மின்நிலையத்துக்குத் திருப்பிவிட்டது. இப்போது அந்த நீர் பேராக்கின் பாத்தாங் பாடாங் ஆற்றில் விழுந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது.

லுமுட்டில் படகேறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பங்கோர் தீவு. பெரும்பாலோர் தீவின் மேற்குக் கரைக்கு, பாசிர் போகாக், தெலுக் நிப்பா மணற்கரைகளுக்கு, நேரே போய்விடுகிறார்கள். குளிக்க அவை நல்ல இடங்கள்தான். ஆனால் தீவின் உயிர் கிழக்குக் கரையில் இருக்கிறது. கால்நட்டு எழுப்பிய மரவீடுகள், மீன்பிடிப் படகுகள், நெத்திலியும் கணவாயும் விற்கும் கருவாட்டுக் கடைகள் எல்லாம் அங்கேதான். சுங்கை பினாங் கெச்சிலில் கடலைப் பார்த்தபடி பத்ரகாளியம்மன் கோயில் நிற்கிறது. மாசி மகத்துக்குப் பெருநிலத்திலிருந்தும் பக்தர்கள் படகேறி வருகிறார்கள்.

தெற்கே தெலுக் கெடோங்கில், ஈய வணிகத்துக்காக டச்சுக்காரர்கள் 1670இல் கட்டிய கோட்டையின் சுவர்கள் உள்ளன. இந்தத் தீவின் பெயரைத் தாங்கிய ஒப்பந்தம் 1874 ஜனவரி 20 அன்று கையெழுத்தானது. அதன்வழி பேராக்கில் ஆங்கிலேயர் காலூன்றினார்கள். 1885இல் அவர்களின் அளவையாளர் வில்லியம் கேமரன், இன்று தம் பெயர் தாங்கும் மலையை அளக்கப் போனார். 1929இல் அங்கே போ தேயிலை நிறுவனம் தோன்றியது. இன்றைய தோட்டத் தமிழரின் கதைக்கு ஒரு வேர் இந்தக் கடலில் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போகும் பெற்றோர் கோட்டையையும் காட்ட வேண்டும்.

தீவுக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு லுமுட் அருகிலேயே தெலுக் பாத்திக் கடற்கரை உண்டு. தூண்டில் பிரியர்கள் படகு பேசிக்கொண்டு செம்பிலான் தீவுகள் வரை போய்வருகிறார்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் பகாங் கடல் கொந்தளிக்கும். நடுவிலுள்ள தித்திவங்சா மலைத்தொடர் காற்றைத் தடுப்பதால் மேற்குக் கரை அப்போதும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆண்டிறுதிப் பயணத்துக்குப் பங்கோர்தான் சரியான தேர்வு. திரும்பும் படகின் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலைப் படகைப் பிடித்தால் தாப்பா சாலையில் இரவு மூடுபனியில் ஏறவேண்டி வரும். குழந்தைகளோடு போகிறவர்கள் ஓர் இரவு தீவிலேயே தங்கிவிடுங்கள்.