தூரத்துக் கேலரி – 9: நம்ம ஆளுக்கு யாரு விழுந்திருக்கு?

சென்ற வாரம் மூணாறில் எஸ்டேட்டுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் பின்லே ஷீல்டு கால்பந்தைப் பார்த்தோம். இந்த வாரம் அதே இடுக்கி மாவட்டத்தில் தெற்கே, பீர்மேடு. ஆட்டம் டென்னிஸ். இதற்கு இங்கே ஊர் திரளாது. கேலரி என்று சொல்ல ஒரு டீக்கடை பெஞ்சு போதும். அந்த பெஞ்சில் உட்காருகிற நாலு பேருக்கும் ஆஸ்திரேலிய ஓபனின் முக்கியமான நாள் இறுதிப் போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை அல்ல. அதற்கு இரண்டரை வாரம் முன்னால், யாருக்கு எதிரே யார் என்று குலுக்கிப் போடுகிற டிரா நாள்தான்.

ஜனவரி இரண்டாவது வாரம். கோட்டயம் – குமுளி சாலையில் ஐயப்ப பக்தர்களின் வண்டி விடாமல் ஓடும். மகரஜோதி பார்க்கப் பருந்தும்பாறைக்கும் பாஞ்சாலிமேட்டுக்கும் புல்லுமேட்டுக்கும் ஜனம் ஏறும். ஏறக்குறைய அதே நாட்களில்தான் மெல்போர்னில் டிரா போடுவார்கள். மெல்போர்ன் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 11 மணிக்கு முதல் பந்து விழும்போது இங்கே விடிகாலை 5.30, வாசலுக்கு எதிரே நிற்கும் தேயிலைச் செடிகூடத் தெரியாத மூடுபனி. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போவதற்குள் இரண்டு செட் பார்த்துவிடலாம்.

இந்த மலைக்கு டென்னிஸைக் கொண்டுவந்தவர்கள் தோட்டத் துரைமார்கள். 19ஆம் நூற்றாண்டில் காப்பி போட வந்து, செடியை நோய் தின்ற பிறகு தேயிலைக்கு மாறியவர்கள். துரைமார் கிளப் என்றால் கூடவே ஒரு டென்னிஸ் கோர்ட்டும் இருக்கும். திருநெல்வேலியிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் கங்காணி கூட்டிவந்த குடும்பங்களுக்கு அங்கே இருந்த வேலை ரோலர் இழுப்பதும், கோடு போடுவதும், பந்து பொறுக்குவதும்தான். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குள் டென்னிஸ் நுழைந்தது டி.வி. வந்த பிறகு. அதிலும் 1997 முதல் 2017 வரை, ஒவ்வொரு வருடமும், பெரும்பாலும் ஜனவரியில், சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த ஏ.டி.பி. போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. விம்பிள்டன் எங்கோ நடப்பது. நுங்கம்பாக்கத்தில் நடந்தது நம் வெயிலில், நம் நேரத்தில், தமிழ்ச் சத்தத்துக்கு நடுவில் நடந்தது. இன்று பெஞ்சில் டிரா பேசுகிறவர்களில் பலர் அந்த வருடங்களில் டென்னிஸ் பார்க்கக் கற்றவர்கள்.

“டிரா வந்துருச்சாடா?”

“வந்துருச்சு மாமா.”

“நம்ம ஆளுக்கு யாரு விழுந்திருக்கு?”

கேட்பவர் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற டீமேக்கர். போனைத் தடவிக்கொண்டு பதில் சொல்பவன் குட்டிக்கானத்தில் கல்லூரி படிக்கிற பையன். நடுவில் ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர், சவாரி வரும்வரை.

கேரளத்தில் இருப்பவர்களுக்குக் குலுக்கல் ஒன்றும் புதிதல்ல. 1967இலேயே அரசு லாட்டரித் துறையை ஆரம்பித்த மாநிலம். 2003இல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்த பிறகு, கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறி வந்து டிக்கெட் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. ஜீப்கார அண்ணனுக்கு டென்னிஸ் டிராவும் அதே கணக்குதான்: “அதிர்ஷ்டம் இருந்தா நல்ல ஆளு விழும்.” டீமேக்கர் ஒத்துக்கொள்ள மாட்டார். “லாட்டரியில எல்லா டிக்கெட்டும் ஒரே விலை, ஒரே மதிப்பு. இதுல பெரிய ஆளுங்களுக்கு முதல்லயே இடம் ஒதுக்கிட்டுல்ல குலுக்க ஆரம்பிக்கிறான்!”

அவர் சொல்வது சரி. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் 128 பேர். டிரா ஷீட்டில் 128 வரி. தரவரிசையில் முன்னால் நிற்கும் 32 பேர் ‘சீடு’. முதல் சீடுக்கு ஷீட்டின் முதல் வரி. இரண்டாம் சீடுக்கு 128ஆவது வரி. இறுதிப் போட்டி வரை இருவரும் முகம் பார்க்க முடியாது. மூன்றும் நான்கும் மேல்பாதியா கீழ்பாதியா என்பதைக் குலுக்கிப் போடுவார்கள். அடுத்த நால்வர், அதற்கடுத்தவர்கள் என்று படிப்படியாக 32 பேரும் தள்ளித்தள்ளி உட்காரவைக்கப்படுவார்கள். மூன்றாம் சுற்றுக்கு முன்னால் ஒரு சீடு இன்னொரு சீடைச் சந்திக்காது. மிச்சமுள்ள 96 பேர்தான் உண்மையான குலுக்கலுக்குள் வருகிறவர்கள்.

இப்போதெல்லாம் இந்தியர்கள் உள்ளே வந்தால் அந்த 96க்குள்தான். கணக்குப் போட்டால் விஷயம் எளிது. 96 பேரில் 32 பேருக்கு முதல் சுற்றிலேயே சீடு மாட்டும். அதாவது மூன்றில் ஒருவருக்கு. முதல் நான்கு சீடுகளில் ஒருவர் மாட்ட 24இல் ஒரு வாய்ப்பு. பெயர் சொல்லி ஒரு குறிப்பிட்ட ஆள்தான் வேண்டும் என்றால் 96இல் ஒன்று.

அந்த 96இல் ஒன்று 2019இல் சுமித் நாகலுக்கு விழுந்தது. அமெரிக்க ஓபன். தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து, முதல்முறையாகக் கிராண்ட்ஸ்லாம் பிரதான டிராவில் பெயர் ஏறியது. எதிரே ரோஜர் பெடரர். நியூயார்க் ஆர்தர் ஆஷ் மைதானத்தில் இரவு ஆட்டம். நமக்கு ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை காலை. முதல் செட்டை நாகல் 6-4 என்று எடுத்தார். பெடரர் அடுத்த மூன்று செட்டையும் 6-1, 6-2, 6-4 என்று வாங்கிக்கொண்டார்.

பெஞ்சில் ஒவ்வொரு டிரா நாளும் நடக்கும் வழக்கு இதைச் சுற்றித்தான். ஜீப்கார அண்ணனின் கட்சி: பெரிய ஆள் விழட்டும். “தோத்தாலும் பெடரர்கிட்ட ஒரு செட் எடுத்தவன்னு பேர் நிக்கும்ல?” பையனின் கட்சி வேறு. முதல் சுற்றோடு வெளியேறினால் 10 புள்ளி. ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் 50. “பேரை வச்சு என்னண்ணே பண்றது? புள்ளி வேணும். லேசான ஆளு விழுந்தாத்தான் புள்ளி.”

பையனுக்குப் பதில் சொல்ல டீமேக்கர் எடுத்துப்போடுவது 2020 ஆஸ்திரேலிய ஓபன். சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் தகுதிச் சுற்றின் கடைசிப் படியில் தோற்றுப்போனார். பிரதான டிராவிலிருந்து யாராவது விலகினால், அப்படிக் கடைசிப் படியில் தோற்றவர்களில் ஒருவருக்கு இடம் கிடைக்கும். ‘லக்கி லூசர்’ என்பார்கள். பிரஜ்னேஷுக்குக் கிடைத்தது. அதற்கு மேல் ஒரு அதிர்ஷ்டம்: முதல் சுற்றில் எதிரே சீடு இல்லை, ஜப்பானின் தத்சுமா இத்தோ. அவர் வைல்டு கார்டில், அதாவது போட்டியை நடத்துகிறவர் கொடுத்த இடத்தில், வந்தவர். ஜெயித்தால் இரண்டாம் சுற்றில் ஜோகோவிச். அண்ணனுக்கும் பையனுக்கும் ஒரே டிராவில் இரண்டு ஆசையும் நிறைவேறுகிற மாதிரி வரி அமைந்திருந்தது. பிரஜ்னேஷ் நேர் செட்களில் தோற்றார். ஜோகோவிச்சோடு ஆடியது இத்தோ.

கஷ்டமான டிராவுக்கு உதாரணம் கேட்டால் பெஞ்சு 1989க்குப் போய்விடும். ஆஸ்திரேலிய ஓபன் புல்தரையை விட்டு ஹார்டு கோர்ட்டுக்கு மாறி இரண்டாவது வருடம். முதல் சீடு சுவீடனின் மாட்ஸ் விலாண்டர். 1988இல் நான்கு கிராண்ட்ஸ்லாமில் மூன்றை வென்றவர், உலகின் முதல்நிலை வீரர், நடப்புச் சாம்பியன். இரண்டாம் சுற்றில் அவர் எதிரே வந்தது சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன். வேகமான சர்வ் கிடையாது. எதிராளி அடிக்கும் வேகத்தையே வாங்கித் திருப்பிக் கோட்டோரம் வைக்கிற ஆட்டம். நேர் செட்களில் விலாண்டர் வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் ஒற்றையரில் ஒரு சீடை இன்னொரு இந்தியர் வீழ்த்த 35 வருடம் ஆனது. 2024 ஜனவரியில், அதே மெல்போர்னில், 31ஆம் சீடு அலெக்சாண்டர் புப்ளிக்கை 6-4, 6-2, 7-6 என்று சுமித் நாகல் முடித்தார்.

ஆக, லேசான டிராவில் கவிழ்ந்ததும் உண்டு, கஷ்டமான டிராவில் ஜெயித்ததும் உண்டு. ஷீட்டைப் பார்த்து எதிர்காலம் சொல்பவர்களுக்கு நுங்கம்பாக்கமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2008 சென்னை ஓபன் அரையிறுதியில் நடால், தன் நாட்டுக்காரர் மோயாவோடு ஏறத்தாழ நான்கு மணி நேரம் போராடி 6-7, 7-6, 7-6 என்று ஜெயித்தார். மறுநாள் இறுதிப் போட்டியில் கால் நகரவில்லை. யூஸ்னி 6-0, 6-1 என்று கோப்பையை எடுத்துக்கொண்டார். யார் விழுந்தார் என்பதைப் போலவே, அவருக்கு முந்தைய நாள் யார் விழுந்தார் என்பதும் கணக்கில் வரும். அதை எந்த டிரா ஷீட்டும் முன்கூட்டிச் சொல்லாது.

என் கட்சி அண்ணனோடும் சேராது, பையனோடும் சேராது. குலுக்கலில் குறை இல்லை. உள்ளே வந்துவிட்ட 96 பேருக்கும் அது ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. உள்ளே வரும் வாசலில்தான் ஆளுக்கொரு நியாயம்.

128 இடத்தில் 104 தரவரிசைக்கு. 16 தகுதிச் சுற்றுக்கு. அந்தப் பதினாறுக்கு இன்னொரு 128 பேர் மோதிக்கொள்கிறார்கள். மீதி 8 வைல்டு கார்டு. அது போட்டியை நடத்துகிறவர் விருப்பம். ஆஸ்திரேலியா, பிரான்ஸ், அமெரிக்கா மூன்றும் தங்களுக்குள் ஆளுக்கொரு வைல்டு கார்டைப் பண்டமாற்று செய்துகொள்கின்றன. கிராண்ட்ஸ்லாம் நடத்தாத நாடு அந்தப் பந்தியில் உட்கார முடியாது.

வாசலுக்கு வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று நாகலைக் கேட்கலாம். 2023 செப்டம்பரில், இந்தியாவின் முதல்நிலை வீரராக இருந்தபோதே, வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிச்சம் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். பயிற்சியாளர், உடற்பயிற்சியாளர், விமானம், ஓட்டல் என்று வருகிற காசெல்லாம் சாலையிலேயே போய்விடுகிறது. நான்கு மாதம் கழித்து மெல்போர்னில் இரண்டாம் சுற்றுவரை போனதற்குக் கிடைத்தது 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். முதல் சுற்றில் தோற்றிருந்தாலும் 1,20,000. பையன் சொல்கிற புள்ளி, அண்ணன் சொல்கிற பேர் இரண்டுக்கும் முன்னால், ஷீட்டில் ஒரு வரி கிடைப்பதே ஒரு வருடச் சோறு.

அடுத்த மாதம், பிப்ரவரி 2024இல், அவர் ஆடியது நுங்கம்பாக்கத்தில். கிராண்ட்ஸ்லாமுக்கு எத்தனையோ படி கீழே இருக்கும் சேலஞ்சர் போட்டி. இறுதியில் இத்தாலியின் லூகா நார்டியை வென்று கோப்பையை எடுத்தார். உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வந்தார். அந்த வருடம் பிரெஞ்சு ஓபனிலும் விம்பிள்டனிலும் தகுதிச் சுற்று இல்லாமல் நேராகப் பிரதான டிராவில் பெயர் இருந்தது. மெல்போர்னுக்கும் பாரிசுக்கும் நடுவில் அவரைத் தூக்கிவிட்ட படி உள்ளூரில்தான் இருந்தது.

பெண்கள் பக்கமும் இதே கதை. 2022இல் நுங்கம்பாக்கத்துக்கு டபிள்யூ.டி.ஏ. போட்டி வந்தபோது, வைல்டு கார்டில் நுழைந்த கர்மன் கவுர் தாண்டி முதல் சுற்றிலேயே எட்டாம் சீடை வெளியேற்றினார். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியின் தகுதிச் சுற்றுக்கு, கோவையின் மாயா ராஜேஸ்வரன் ரேவதிக்கு ஒரு வைல்டு கார்டு கொடுத்தார்கள். 15 வயதில் அரையிறுதி வரை போனார். இரண்டு இடத்திலும் குலுக்கல் யாருக்கும் சலுகை காட்டவில்லை. கதவைத் திறந்துவைக்க உள்ளூரில் ஒரு போட்டி இருந்தது, அவ்வளவுதான்.

ஆண்களுக்கு அந்தக் கதவு மூடிக் கிடக்கிறது. சென்னை ஓபன் 2018இல் புனேக்குப் போனது. 2023 ஜனவரியோடு புனேயையும் விட்டுப் போய்விட்டது. சேலஞ்சர்கள் நடக்கின்றன. ஆனால் உலகத் தரவரிசையின் முதல் ஐம்பதில் இருப்பவரை உள்ளூர்ப் பையன் ஒருவன் உள்ளூர்க் கூட்டத்தின் முன்னால் சந்திக்க வேண்டுமானால் ஏ.டி.பி. டூர் போட்டி வேண்டும். அதற்குத் தேவையான மைதானம் 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டியதிலிருந்து நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது. ஜனவரி முதல் வாரமே வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. வருடத்தில் ஏதாவது ஒரு வாரம் கிடைத்தால் போதும்.

ஏ.டி.பி. 250 போட்டி ஒன்று நடத்தினால் பிரதான டிராவில் மூன்று வைல்டு கார்டு நடத்துகிறவர் கையில் வரும். 2009 சென்னை ஓபனில் அப்படியொரு வைல்டு கார்டு இந்திய வீரர் சோம்தேவ் தேவ்வர்மனுக்குக் கிடைத்தது. அப்போது உலகத் தரவரிசையில் அவர் இருநூறுக்கும் வெளியே. அந்த ஊரில் இரண்டு முறை கோப்பை வாங்கிய மோயா விழுந்தார், ஜெயித்தார். காலிறுதியில் ஆறடி பதினோரு அங்குல கார்லோவிச் விழுந்தார், அவரையும் ஜெயித்தார். அரையிறுதியில் ஷூட்லர் காயத்தால் விலக, இறுதிப் போட்டி. சிலிச்சிடம் 4-6, 6-7 என்று தோற்றார். தரவரிசையை மட்டும் பார்த்திருந்தால் அந்த ஷீட்டில் அவருக்கு இடமே இருந்திருக்காது.

(தொடரும்)

அடுத்த வாரம்: குமுளிச் சோதனைச்சாவடி தாண்டி மலையிறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் மின்னொளிக் கபடி.