பெரிய மாமாவின் இரண்டு குளிசைகள்

பெரிய மாமாவுக்குச் சிறுநீரகம் மாற்றி நான்கு வருடங்கள். சென்ற நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் அவரது இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் நெருப்புப் பட்டதுபோல் எரிந்தது. மறுநாள் அந்த இடத்தில் கொப்புளங்கள். "எதிர்ப்புச் சக்தியக் குறைக்கிற அந்தக் குளிசையால வந்தது. அத நிப்பாட்டுங்க" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். மாமாவும் குளிசைப் பெட்டியை மூடி வைத்துவிட்டார்.

வந்தவர்கள் சொன்னதில் பாதி சரி. பெரியவர்கள் அக்கி என்று சொல்லும் இந்நோயைத் தருவது கொப்புளிப்பான் வைரஸ்தான். சிறுவயதில் கொப்புளிப்பான் மாறினாலும் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. முண்ணாணுக்கு அருகிலுள்ள நரம்புத்திரட்டுகளில் பெருகாமல் பல்லாண்டு ஒளிந்திருக்கும். அதை அடக்கி வைப்பவை வெண்குருதிக் கலங்கள். மாமா எடுக்கும் அசதியோப்பிரின், இக்கலங்கள் டி.என்.ஏ. ஆக்கத் தேவையான மூலப்பொருளைக் குறைக்கிறது. டி.என்.ஏ. இன்றிக் கலம் பெருகாது. எனவே பொருத்திய சிறுநீரகத்தை அவை தாக்குவது குறைகிறது. வைரஸின் மீதான காவலும் கூடவே தளர்கிறது.

ஆனால் குளிசையை நாமாக நிறுத்தினால், அதே கலங்கள் பெருகிச் சிறுநீரகத்தின் மேல் பாயும். இதை உம்மாவுக்கு விளக்க எனக்கு ஓர் இரவு பிடித்தது. மறுநாள் காலையே மாமாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றோம். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் தன் வேலை என்று சற்றுக் கோபமாகவே சொன்ன டொக்டர், அசைக்ளோவிரையும் சேர்த்துக் கொடுத்தார்.

உயர்தர உயிரியலில் நான் படித்தவற்றுள் என்னை மிகவும் வியக்க வைத்தது இந்த மருந்துதான். அசைக்ளோவிர் டி.என்.ஏ.யின் ஓர் அலகைப் போலத் தோன்றும் போலி. அது வேலை செய்ய மூன்று பொசுபேற்றுகள் சேர வேண்டும். முதலாவதைச் சேர்ப்பது வைரஸுக்கே உரிய ஒரு நொதியம். மற்ற இரண்டையும் நமது கலத்தின் நொதியங்கள் சேர்க்கும். ஆகவே தொற்றில்லாத கலத்தில் மருந்து பெரும்பாலும் சும்மா கிடக்கும். தொற்றிய கலத்திலோ, வைரஸ் தன் டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும்போது இந்தப் போலியையும் கோத்துவிடுகிறது. அடுத்த அலகைப் பிடிக்கும் கொளுக்கி அதில் இல்லை. சங்கிலி அங்கேயே அறுகிறது. தன் கையாலேயே வைரஸ் தனக்குக் குழி தோண்டுகிறது!

இவ்விரு மருந்துகளின் பின்னாலும் இருப்பவர் ஒரே பெண்: ஜெர்ட்ரூட் எலியன். பெண் என்பதால் ஆய்வுகூட வேலை மறுக்கப்பட்டவர், கலாநிதிப் பட்டம் முடிக்காதவர், 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

பிரதி எடுக்கும் வைரஸை மட்டுமே அசைக்ளோவிர் தடுக்கும். அதனால்தான் கொப்புளம் கண்ட 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கச் சொல்கிறார்கள். உறங்கும் வைரஸை அது தொடாது. மாமாவின் கொப்புளங்கள் காய்ந்துவிட்டன, வைரஸ் மட்டும் அவருடைய நரம்பில் இன்னும் இருக்கிறது. மறுபடி எரிந்தால் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார் டொக்டர்.