எந்தப் பாடசாலை நம் பிள்ளைக்கு ஏற்றது?

சில ஆண்டுகளுக்கு முன் கம்பளைக்கு மேலேயுள்ள குடியேற்றமொன்றிலிருந்து ஒரு தாய் ஏழு வயது மகளோடு எம்மிடம் வந்தார். மண்சரிவு அபாயம் என்று வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பம் அது. “பாதர், புள்ளைக்குக் காது கேக்காது. இங்க உள்ள ஸ்கூல்ல ஏலாதுன்னுட்டாங்க. வேற எங்க கொண்டு போறது?” என்று கேட்டார்.

நாமும் விசாரித்து, பஸ் வசதியுள்ள ஒரு பாடசாலையின் விசேட கல்விப் பிரிவில் பிள்ளையைச் சேர்க்க உதவினோம். அன்று எமக்குத் தூரம் ஒன்றே பெரிதாகத் தெரிந்தது. ஆண்டு முடிவில்தான் எமது பிழை விளங்கியது. அந்தப் பிரிவு மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கானது. ஆசிரியை அன்பானவர், ஆனால் சைகை மொழி அறியாதவர். பிள்ளை நாள்தோறும் போய் வந்தாள். ஒரு சொல்லும் கற்கவில்லை. அந்த ஓராண்டு இழப்பில் எமக்கும் பங்குண்டு. இன்னொரு குடும்பத்துக்கு அது நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

பிள்ளைக்குள்ள உரிமை

இலங்கையில் 5 வயது முதல் 14 வயது வரை பாடசாலைக் கல்வி 1997 இல் கட்டாயமாக்கப்பட்டது. 2016 இல் அது 16 வயது வரை உயர்த்தப்பட்டது. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையமொன்றில் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது. எனவே அதிபரின் முன் நாம் கைகட்டி நின்று உதவி கேட்க வேண்டியதில்லை. “ஏலாது” என்றால், காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு கம்பளை வலயக் கல்வி அலுவலகத்துக்குச் சென்று, விசேட கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அங்கும் வழி பிறக்காவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி அலுவலகம் இருக்கிறது.

முதலில் பரிசோதனை

பாடசாலை தேடுமுன் பிள்ளையின் குறை என்னவென்று சரியாக அறிய வேண்டும். “மந்தம்” என்று ஊர் சொன்ன பிள்ளைக்குக் கண்ணாடி மட்டுமே தேவைப்படலாம். “ஊமை” என்று சொல்லப்படும் பிள்ளைக்குப் பெரும்பாலும் நாவில் குறையில்லை. காது கேளாததால் பேச்சு வரவில்லை.

உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். பிறந்தது முதல் பிள்ளைக்கு வைத்திருக்கும் சுகாதாரப் பதிவேட்டையும் காட்டுங்கள். கம்பளை வைத்தியசாலையிலிருந்து கடிதம் பெற்றுப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்குப் போகலாம். கம்பளையிலிருந்து பேராதனைக்குப் பஸ் உண்டு. வைத்தியர் தரும் அறிக்கையைப் பிரதி எடுத்து வையுங்கள். எல்லா இடத்திலும் அதைக் கேட்பார்கள்.

மூன்று வகை இடங்கள்

முதலாவது, அயலிலுள்ள சாதாரண வகுப்பு. நடக்க முடியாத, ஆனால் நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளைக்கு இதுவே பெரும்பாலும் ஏற்றது. வகுப்பைக் கீழ்மாடிக்கு மாற்றுவதும் மலசலகூடத்துக்குப் படியில்லாத வழி செய்வதுமே அங்கு முக்கிய தேவை.

இரண்டாவது, சாதாரண அரசாங்கப் பாடசாலைக்குள் இயங்கும் விசேட கல்விப் பிரிவு. ஓர் அறை, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், சில பிள்ளைகள். இயலுமான பிள்ளைகள் படிப்படியாகச் சாதாரண வகுப்புக்குச் செல்வதே இதன் நோக்கம். உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் பலருக்கு இது நல்லது. மாலையில் வீடு திரும்பலாம்.

மூன்றாவது, விசேட பாடசாலை. இவற்றிற் பல தொண்டு நிறுவனங்களால் அரசாங்க உதவியோடு நடத்தப்படுகின்றன, விடுதியும் உண்டு. 1912 இல் மேரி சாப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண் தொடங்கிய பாடசாலையே நாட்டில் முதலாவது; அதன் பணி இன்று இரத்மலானையில் தொடர்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956 இல் யாழ்ப்பாணம் கைதடியில் நவீல்ட் பாடசாலை தொடங்கப்பட்டது.

மொழியே முதற் கேள்வி

இம்மூன்றில் எது என்பதைத் தீர்மானிக்க ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: என் பிள்ளை எந்த மொழியில் விளங்கிக்கொள்ளும்?

செவிப்புலனற்ற பிள்ளைக்கு அது சைகை மொழி. மொழி பதியும் காலம் பிறப்பு முதல் ஐந்தாறு வயது வரைதான் மிக வலுவாக இருக்கும். அதைக் கடந்தால் வாசிப்பும் எழுத்தும் சிந்தனையும் கடினமாகின்றன. எனவே இப்பிள்ளைக்குச் சைகை மொழி பேசும் ஆசிரியரும் தோழர்களும் உள்ள பாடசாலை தூரத்தில் இருந்தாலும் சிந்திக்க வேண்டியதே. விழிப்புலனற்ற பிள்ளைக்குத் தமிழ் பிரெயில் வேண்டும். அதைக் கற்ற பின் சாதாரண வகுப்பிலும் மற்றவரோடு படிக்கலாம். உளவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கோ தாய் பேசும் மொழிதான் வேண்டும். கண்டி மாவட்டத்தில் சிங்கள மொழிப் பிரிவுகளே அதிகம். ஏற்கனவே சொற்களோடு போராடும் பிள்ளையை வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் இன்னொரு மொழி என்று விடுவது இரட்டைச் சுமை. அருகில் தமிழ்ப் பிரிவு இல்லாவிட்டால், ஒத்த தேவையுள்ள பெற்றோர் சிலர் சேர்ந்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு மனுக் கொடுங்கள். ஒரு தாய் கேட்பதைவிடப் பத்துத் தாய்மார் கேட்பது பலமானது.

நேரில் சென்று பாருங்கள்

சேர்க்குமுன் ஒருநாள் பிள்ளையோடு போய், வகுப்பு நடக்கும்போது பாருங்கள். இவற்றைக் கேளுங்கள்:

1. இங்கு என் பிள்ளையைப் போன்ற குறையுள்ள வேறு பிள்ளைகள் உண்டா?
2. ஆசிரியர் அதற்கான பயிற்சி பெற்றவரா?
3. பிள்ளைகள் ஏதாவது செய்துகொண்டிருக்கிறார்களா, சும்மா இருத்தி வைக்கப்பட்டிருக்கிறார்களா?
4. என் பிள்ளைக்கென்று எழுதிய கற்றல் திட்டம் இருக்குமா? அது எவ்வளவு காலத்துக்கொருமுறை பார்க்கப்படும்?
5. மலசலகூடத்துக்கு யார் துணை போவார்?
6. விடுதியானால், பெற்றோர் எப்போதும் வந்து பார்க்கலாமா? இரவில் பொறுப்பு யார்?

கடைசிக் கேள்விக்குத் தயங்கித் தயங்கிப் பதில் வந்தால் பிள்ளையை விட்டு வராதீர்கள்.

இடம்பெயர்ந்தோர் கவனத்துக்கு

1980களில் கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக நிலம் இழந்தோரும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது வீடிழந்தோரும் இப்பகுதியில் உண்டு. குடும்பம் பெயரும்போது முதலில் நின்றுபோவது உடற்குறையுள்ள பிள்ளையின் படிப்புத்தான். “வீடு கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம்” என்கிறோம். வீடு காத்திருக்கும்; பிள்ளையின் வயது காத்திராது. பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடக் கடிதமும், முன்னைய பாடசாலையிலிருந்து விடுகைப் பத்திரமும் பெறுங்கள். அதே பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, உதவிப் பணத்துக்கும் கேட்கும் கருவி, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கும் விண்ணப்பியுங்கள்.

அந்தச் சிறுமி அடுத்த ஆண்டு, தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சைகை மொழியில் கற்பிக்கும் ஒரு விடுதிப் பாடசாலைக்குப் போனாள். அனுப்பிய அன்று தாய் அழுதார். எமக்கும் மனம் கனத்தது. முதல் விடுமுறைக்கு வந்தவள் அடுப்படியில் தாயின் எதிரே அமர்ந்து, தண்ணீர், சோறு, அம்மா என்று கைகளாற் சொல்லிக் காட்டினாள். தாயும் தம்பியும் அவளிடம் படிக்கத் தொடங்கினார்கள். பிள்ளை படிக்கும் மொழியை வீடும் படிக்க வேண்டும். பாடசாலையைத் தேர்ந்த பிறகு பெற்றோராகிய நமக்குள்ள வேலை அதுவே.