பேசும் விலங்குகளின் மாநகரம்

மலாக்கா மாநிலச் சின்னத்தில் இரண்டு சருகுமான்கள் நிற்பதைச் சுங்கை ஊடாங் வட்டார மாணவர்கள் பலமுறை கண்டிருப்பர். மரநிழலில் இளைப்பாறிய பரமேஸ்வரா, தம் வேட்டை நாயைச் சருகுமான் ஒன்று உதைத்து ஆற்றில் தள்ளியதைக் கண்டு வியந்து, அவ்விடத்திலேயே அரசை நிறுவினார் என்பது மரபுக்கதை. ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்பதற்கு அச்சிறிய உயிரினம் நல்ல சான்றாகும்.

விலங்குகளைப் பேசவைத்து மனிதருக்கு அறிவுரை கூறும் வழக்கம் மிகப் பழமையானது. பஞ்சதந்திரக் கதைகள் அவ்வகையைச் சார்ந்தவை. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, 1835ஆம் ஆண்டில் தமிழ் நண்பர் ஒருவரின் துணையோடு அக்கதைகளைத் தமிழிலிருந்து மலாய்மொழிக்குப் பெயர்த்தார். சிங்கமும் நரியும் தமிழில் பேசியவற்றை மலாய் வாசகர்களும் படித்து மகிழ்ந்தனர்.

ஏட்டில் பேசிய விலங்குகள் பின்னர்த் திரையிலும் பேசத் தொடங்கின. நம் நாட்டின் முதல் அசைவூட்டக் குறும்படத்தின் நாயகனும் சருகுமானே. ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’ எனும் அப்படத்தை உருவாக்கியவர், பிலேம் நெகாரா மலேசியாவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர். 1978ஆம் ஆண்டில் தொடங்கிய அம்முயற்சி, 1983ஆம் ஆண்டில்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. திரையில் ஒரு வினாடி அசைவுக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்திற்கு 1,440 சட்டகங்கள். கணினி இல்லாத நிலையில் படங்களைக் கையால் வரைந்து வண்ணம் தீட்டுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை இக்கணக்கே உணர்த்தும்.

இன்று இப்பணிக்குக் கணினி துணைநிற்கிறது. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, டிஸ்னி நிறுவனம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஜூடோப்பியா’. இப்படத்தில் மனிதரே இல்லை. விலங்குகளே மாநகரம் ஒன்றைக் கட்டி வாழ்கின்றன. பனிப்பகுதி, பாலைவனப்பகுதி, மழைக்காட்டுப்பகுதி என ஒவ்வோர் உயிரினத்திற்கும் ஏற்ற வட்டாரங்கள் அங்குள்ளன. எலிகள் வாழும் சிற்றூரில் கட்டடங்களும் எலியின் அளவிலேயே இருக்கின்றன.

இம்மாநகரை உருவாக்கும் முன், படக்குழுவினர் கென்யா நாட்டிற்குச் சென்று விலங்குகளை நேரில் கவனித்தனர். நடையும் பார்வையும் மெய்யாக இருந்தால்தான், அவை பேசும்போது நாம் நம்புவோம். பேச்சு அமைவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் நடிகர்களின் குரல் பதிவு செய்யப்படுகிறது. பிறகு, ஒவ்வோர் ஒலிக்கும் ஏற்ற வாயசைவைக் கலைஞர்கள் பொருத்துகின்றனர். ஆகவே, குரலுக்கேற்ப உருவம் அசைகிறதே தவிர, உருவத்திற்கேற்பக் குரல் அமைவதில்லை.

தொழில்நுட்பத்தைவிடக் கடினமானது கதையமைப்பு. தொடக்கத்தில் நிக் எனும் நரியே கதையின் மையமாக இருந்தது. ஊனுண்ணி விலங்குகள் அனைத்தும் மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை அணிந்திருப்பதாகவும் எழுதப்பட்டிருந்தது. ஆனால், நரியின் கண்வழி பார்த்தபோது அந்நகரை நேசிக்கவே முடியவில்லை. படம் வெளிவர ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலமே இருந்த நிலையில், ஜூடி எனும் முயலை மையமாக்கிக் கதையை மாற்றியமைத்தனர். பலநாள் உழைப்பைக் கைவிடும் துணிவே அப்படத்தைக் காத்தது. 2017ஆம் ஆண்டில் சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கார் விருது அதற்குக் கிடைத்தது.

ஜூடி, காரட் பயிரிடும் ஊரிலிருந்து வந்து, அந்நகரின் முதல் முயல் காவலராகிறாள். ‘முயலால் என்ன முடியும்?’ எனக் கருதும் மேலதிகாரி, வாகன நிறுத்துமிடக் கண்காணிப்பை மட்டுமே அவளுக்குக் கொடுக்கிறார். அவளோ காணாமற்போன விலங்குகளைத் துப்பறிந்து கண்டுபிடிக்கிறாள். இதுவரை இது நாம் அறிந்த சருகுமான் கதைதான், சிறியது வென்றது.

ஆயினும், கதை அங்கே முடியவில்லை. செய்தியாளர்களிடம் பேசும்போது, ஊனுண்ணிகள் பிறவியிலேயே ஆபத்தானவை எனும் பொருள்பட ஜூடி கூறிவிடுகிறாள். அருகிலிருந்து கேட்ட நிக்கின் மனம் உடைகிறது. பிறரின் முன்முடிவால் வருந்தியவளே, தன்னையறியாமல் வேறொருவரை அதே முன்முடிவால் புண்படுத்துகிறாள். நகரெங்கும் அச்சம் பரவி, அண்டை அயலாரும் ஒருவரை ஒருவர் ஐயுறுகின்றனர். தன் தவற்றை உணர்ந்த ஜூடி நரியைத் தேடிச்சென்று மன்னிப்புக் கேட்பதே படத்தின் உச்சம் எனலாம். குற்றவாளியைப் பிடிப்பதைவிட அதற்கே அதிகத் துணிவு தேவைப்படுகிறது.

பல இனத்தவரும் மொழியினரும் கூடிவாழும் நம் நாட்டில் இக்கருத்து ஆழ்ந்து எண்ணத்தக்கது. வகுப்பில் புதிதாகச் சேரும் மாணவரின் ஊரையோ தோற்றத்தையோ பேச்சையோ வைத்து, அவர் எப்படிப்பட்டவர் என நாம் முடிவு செய்துவிடுவதுண்டு. நாமும் ஒருநாள் அவ்வாறு எடைபோடப்பட்டிருப்போம். அந்த வலியை நினைவிற்கொண்டால், பிறருக்கு அதனைத் தரமாட்டோம். விலங்குகள் பேசுவது கற்பனைதான். ஆனால், அவை யாரைப் பற்றிப் பேசுகின்றன என்பதைப் படம் பார்த்தபின் நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.