மாற்றுக் கியர்ப்பெட்டியில் காணும் புதிய உறுப்புகள்

அமெரிக்க உழவர்கள் விளைபொருள் ஏற்றும் பழைய பிக்கப் லாரிகளில், பழுதுற்ற தானியங்கிக் கியர்ப்பெட்டியை நீக்கி வேறொன்றைப் பூட்டுங்கால், முன்பு காணாத உறுப்புகள் சில தென்படுவதுண்டு. வேண்டாதவையென்று அவற்றை அடைத்துவிடுதல் பெருங்கேடு.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1964இல் வெளியிட்ட டர்போ ஹைட்ராமேட்டிக் 400 என்னும் பெட்டியை நாம் எடுத்துக்கொள்வோம். அதன் வலப்பக்கப் பின்புறத்தில் தகரச் சிமிழ் போன்ற ஒன்று உண்டு. எஞ்சினிலிருந்து வரும் வெற்றிடக் குழாய் இதனோடு சேரவேண்டும். சேராவிடில் கியர் தாமதித்து, உதைத்து மாறும். சிமிழின் உட்சவ்வு கிழிந்தாலோ, பெட்டியின் எண்ணெய் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு வெண்புகையாக வெளியேறும். தரையில் ஒரு துளியும் சிந்தாமல் எண்ணெய் குறைவதன் மர்மம் பெரும்பாலும் இதுவே.

இடப்பக்கத்து மின்முனை, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதிக்கையில் கியரை இறக்குவதற்குரியது. எண்ணெய் குளிர்விக்கும் குழாய்களுக்கான இரு துளைகளை மட்டும் ஒருபோதும் அடைத்தல் கூடாது. குளிர்ந்து திரும்பும் அவ்வெண்ணெயே உள்ளுறுப்புகளுக்கு மசகாகிறது.